ரொபட் வெட்டியெடுத்த மூச்சு

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, அந்தப் பக்கம் நானுஓயா வரைக்கும் கல்யாண வீட்டுக்கும் சடங்கு வீட்டுக்கும் டீஜே பண்ணுகிற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறீர்கள். அதில் என்னையும் சேர்த்தீர்கள். சந்தோஷம்தான். ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு பட்டப்பெயர், எல்லார் பெயருக்கும் முன்னால் டீஜே. நான் மேசையை விட்டு இறங்கி வருடக்கணக்காகிறது. இடது காதில் எந்நேரமும் ஒரு விசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு அதுதான் பென்ஷன். இரண்டு டிராக்கைப் பொருத்தப் போனால் மூன்றாவதாக இந்த விசிலும் வந்து சேர்ந்துகொள்ளும். அதனால் விட்டுவிட்டேன். இப்போது டிக்கோயாவில் போன் திருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன்.

"அண்ணே, டிராக் தயார் பண்றதப் பத்தி உங்க அனுபவத்த எழுதுங்க" என்று கேட்டீர்கள். எந்தப் பட்டனை எப்போது அமத்துவது என்று நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு காரணத்துக்காக. போன வாரம் ஒரு பிள்ளை தான் தயார் பண்ணிய டிராக்கைக் குழுவில் போட்டது. இன்னொரு பிள்ளை கேட்டுவிட்டு, "என்னாடா, ரொபட் வெட்டு வெட்டியிருக்க?" என்று எழுதியது. கீழே வரிசையாகச் சிரித்திருந்தீர்கள். அளவுக்கு மீறி வெட்டினால் அதற்குப் பெயர் ரொபட் வெட்டு. எங்கிருந்தோ உங்கள் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் எழுதி எழுதி அழித்தேன். உங்கள் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ரொபட் என் கூட்டாளி. ஒரே வயது. அவன் தோட்டத்து வேதக்கோயில் பாடல் குழுவில் கீபோர்ட் வாசித்து வளர்ந்தவன். எங்கள் தொழிலில் நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். வீட்டில் உட்கார்ந்து டிராக் தயார் பண்ணுவது அவன். மேசையில் நின்று போடுவது நான். இப்போது நீங்கள் எல்லாம் ஒரே ஆளாக இரண்டையும் செய்கிறீர்கள், நல்லது. எங்களுக்கு அப்படி முடியவில்லை. ரொபட்டுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் கை நடுங்கும். எனக்கு ஒரு இடத்தில் உட்காரப் பொறுமை கிடையாது.

அவன் டிராக்கில் வைத்துத் தருகிற நிறக்குறிகளை நம்பித்தான் நான் நிற்பேன். சிவப்புக் குறி என்றால் இங்கே ஆரம்பி. பச்சை என்றால் இந்தத் துண்டைச் சுற்றவிடு, சனம் கத்துகிற வரைக்கும் சுற்றவிடு, பிறகு பெரிய அடியை இறக்கு. நான் பாட்டை முன்கூட்டிக் கேட்கக்கூட மாட்டேன். குறியைப் பார்த்தே விடுவேன். அவ்வளவு நம்பிக்கை.

அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மென்பொருளில் ஒரு பாட்டைப் போட்டால் அது தானாகவே ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு கீறிக்கொள்ளும். இரண்டு பாட்டின் கோடுகளையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்தால் ஆடுகிறவர்களின் கால் இடறாது. கம்ப்யூட்டரில் செய்த இசைக்கு இது சரி. ஆள் உட்கார்ந்து டிரம் அடித்த பழைய பாட்டுக்குச் சரிவராது. ஆள் அடிக்கும்போது சில இடத்தில் வேகம் கூடும், சில இடத்தில் சோர்ந்துபோகும். மெஷினுக்கு அது தெரியாது. அது தன்பாட்டுக்குச் சமமாகக் கோடு போட்டு வைத்திருக்கும். ஒரு கிறிஸ்மஸ் கொண்டாட்டத்தில் மெஷின் போட்ட கோட்டை நம்பி ஒரு பழைய பாட்டை நானே அவசரத்தில் இறக்கினேன். பாதியில் இரண்டு பாட்டும் ஒரே சாக்கை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்த மாதிரி ஆகிவிட்டது. ஆடிக்கொண்டிருந்த சனம் அப்படியே நின்று என்னைப் பார்த்தது.

ரொபட் திட்டவில்லை. மறுநாள் அந்தப் பாட்டைத் திறந்து ஒவ்வொரு கோடாகக் கையால் நகர்த்தினான். "மச்சான், இந்த எடத்துல அந்த டிரம் அடிக்கிற ஆளு சந்தோசத்துல ஓடுறான். அவன நிறுத்தக் கூடாது. அவன் கூட நம்மதான் ஓடணும்" என்றான். யாரென்றே தெரியாத, எப்போதோ வாசித்துவிட்டுப் போன ஒரு ஆளின் சந்தோஷம் அவன் காதுக்குக் கேட்டது. அந்தக் காதைத்தான் நீங்கள் கிண்டல் பண்ணுகிறீர்கள். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மாணிக்கம் என்று ஒருவர். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவருடைய மகள் கௌசல்யாவுக்குக் கல்யாணம். காலையில் தோட்டத்துக் கோயிலில் தாலி, மத்தியானம் டவுன் மண்டபத்தில் சாப்பாடும் பாட்டும். பாட்டுக்கு நாங்கள். மாணிக்கத்தின் மனைவி பாக்கியம் அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார். இந்தக் கல்யாணத்துக்காகத்தான் போனார். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. இதை வாசித்துவிட்டு ஆச்சரியப்படுகிறவர் நம்ம பக்கத்தில் யாரும் இருக்க மாட்டீர்கள். நம்ம தோட்டத்து லயங்களில் பாதி வீட்டில் கல்யாண போட்டோவில் அம்மா இருக்க மாட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பாக்கியம் அக்கா எனக்குப் போன் பண்ணினார். என் நம்பரை யாரிடமோ தேடி வாங்கியிருந்தார்.

"தம்பி, நான் கௌசியோட அம்மா பேசுறேங்க. ஒரு ஒதவி செய்யணும். நான் பேசி வொய்ஸ் ஒண்ணு அனுப்புறேன். அத பாட்டுக்குள்ள போட்டு, மக ஆடுற நேரம் கேக்குற மாதிரி செய்ய முடியுங்களா? அவளுக்குத் தெரிய வேணாம். அவங்க அப்பாவுக்கும் சொல்லாதீங்க. ஓட்ட வாயி, சொல்லிருவாரு."

"செஞ்சிரலாம்க்கா" என்றேன். அன்றைக்கே வொய்ஸ் வந்தது. நான் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். கண்டக்டர்கள் கத்துகிற சத்தத்தில் காதோடு வைத்து அரைகுறையாகக் கேட்டேன். அக்காவின் குரல், நடுவில் இரைச்சல், மூச்சு. அப்படியே ரொபட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

நான்கைந்து நாளில் முடித்துவிட்டுக் கூப்பிட்டான். அவனுடைய அறையில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டேன். நல்ல வேகமான, கனமான ஒரு அடி. அதற்குமேல் அந்த அக்காவின் குரல் ஒவ்வொரு சொல்லும் அடியோடு அடியாக விழுகிறது. "கௌசி, அம்மா பேசுறேன். என் தங்கம், இன்னைக்கு நீ ஆடணும். அம்மா இல்லைன்னு மொகத்த தூக்கி வச்சுக்கக் கூடாது. ஆடு தங்கம், நல்லா ஆடு. தைக்கு வந்துருவேன்." கடைசி வார்த்தையில் பச்சைக் குறி. தைக்கு வந்துருவேன், தைக்கு வந்துருவேன் என்று சுற்றவிட்டுப் பெரிய அடியை இறக்கவேண்டும். மண்டபம் இடிந்து விழுந்துவிடும் என்று நினைத்தேன்.

"ரொம்ப மூச்சு வாங்குச்சு மச்சான். மாடிப்படி ஏறிக்கிட்டே பேசுனாங்க போல. அடிக்குள்ள ஒக்காரவே இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டேன்" என்றான். "நடுவுல நம்மக்கிட்ட வேற ஏதோ சொல்றாங்க. அது மகளுக்கு இல்லதானே?"

"நம்மக்கிட்ட சொன்னது எதுக்கு? எடுத்தது சரிதான்" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம்.

கல்யாணத்தன்று சரியான மழை. மாப்பிள்ளை வீட்டார் பட்டிப்பொல பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே மலை ஏறிவிடவேண்டும் என்று அவர்களுக்கு அவசரம். சாப்பாடு முடிந்தது. நான் மெதுவான பாட்டில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கௌசல்யா கூட்டாளிமார் நடுவில் நின்று ஆடிக்கொண்டிருந்தாள். அடிக்கடி என் மேசைப் பக்கம் பார்த்தாள். அம்மாவுக்கு வாய் நிற்கவில்லை போல, ஏதோ வரப்போகிறது என்று சாடையாகச் சொல்லியிருக்கிறார்.

மாணிக்கம் மாமா மேசைக்குப் பின்னால் வந்து என் தோளைத் தொட்டார். "தம்பி, கொஞ்சம் வெளிய வாங்க."

ஒரு நீளமான டிராக்கை விட்டுவிட்டு, ரொபட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். பின்பக்கத்தில் சமையல் கிடாரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். மழை தகரத்தில் கொட்டியது. அவர் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தார், நெற்றியில் காலையில் பூசிய விபூதி அப்படியே இருந்தது.

"பாக்கியம் செத்துட்டாளாம் தம்பி. காலையில எந்திரிக்கலையாம். ஏஜென்சிலருந்து இப்பதான் பேசுனாங்க."

அவர் அழவில்லை. அவசரம் அவசரமாகப் பேசினார்.

"யாருக்கும் சொல்லல. உங்களுக்கு மட்டுந்தான் சொல்றேன். மாப்ள வீட்டு பஸ் கெளம்புற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது தம்பி. என் மொகத்த யாரும் பாக்காம இருக்கணும். கௌசி அங்க போயி வௌக்கேத்திரட்டும். வௌக்கேத்திட்டா அவ அந்த வீட்டு ஆளு. அதுக்கு முந்தி தெரிஞ்சா, பொண்ணு வந்த நேரம்னு காலம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. நாளைக்கு நானே சொல்லிக்கிறேன்."

அவர் சொன்னது நியாயமா இல்லையா என்று இப்போது நீங்கள் விவாதம் பண்ணலாம். அந்த இடத்தில், கவிழ்த்த கிடாரத்துக்குப் பக்கத்தில், எனக்கு நியாயம் தோன்றவில்லை. ஒன்றுதான் தோன்றியது. இன்னும் மூன்று பாட்டுக்குப் பிறகு அந்த அம்மாவின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்கப்போகிறது. இவர் தெரியாமல் உள்ளே நிற்பார்.

"மாமா, ஒரு விசயம் இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் முதலில் விளங்காமல் பார்த்தார்.

"அவ பேசுறாளா? பாட்டுலயா?"

"ஆமாங்க. கௌசிக்கு. போடல்லன்னாலும் யாருக்கும் தெரியாது. நீங்க சொல்றதுதான்."

"நான் ஒருக்கா கேக்கணும்" என்றார்.

ரொபட்டை ஸ்பீக்கரைப் பார்க்க அனுப்பிவிட்டு, அவரை மேசைக்குப் பின்னால் குனிந்து உட்காரவைத்து ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். மண்டபத்தில் ஒரு பாட்டு, அவர் காதில் ஒரு பாட்டு. இறந்துபோனார் என்று கேட்டு அரை மணிநேரம் ஆகவில்லை, அதற்குள் மனைவி காதுக்குள் பேசுகிறார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வேகத்தைச் சரிபார்க்கிற மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

"எவ்வளவு தெம்பா பேசுறா" என்றார். "என்கிட்ட பேசுறப்பெல்லாம் அலுப்பா இருக்கு, அலுப்பா இருக்குன்னுதான் சொல்லுவா. நான் பயந்துகிட்டே இருந்தேன். தெம்பாத்தான் இருந்திருக்கா. போடுங்க தம்பி. அவ ஆசப்பட்டது."

போட்டேன். சிவப்புக் குறியில் அடி ஆரம்பித்தது. "கௌசி, அம்மா பேசுறேன்" என்று குரல் வந்ததும் அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஆடத் தொடங்கினாள் பாருங்கள், அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, மாலை ஒரு பக்கம் புரள. சனம் வட்டமாக நின்று கைதட்டியது. மாப்பிள்ளையும் உள்ளே இறங்கினார். ரொபட்டுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அவன் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது. அவனுக்கே அது தெரிந்திருந்தது.

பச்சைக் குறி நெருங்கியது. தைக்கு வந்துருவேன். அதைத்தான் நான் சுற்றவிடவேண்டும். யோசிக்க எனக்கு ஒரு கைதட்டு நேரம்கூட இல்லை. விட்டால், செத்துப்போன அம்மா தைக்கு வருவேன், தைக்கு வருவேன் என்று மகளுக்குத் திரும்பத் திரும்ப வாக்குக் கொடுப்பார், மண்டபமே கூட நின்று கத்தும். நாளைக்கு விடிந்ததும் அந்தப் பிள்ளைக்கு அது என்னவாகும்? நான் குரலை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் அடுத்த டிராக்கின் பெரிய அடியை அப்படியே மேலே போட்டேன். சனத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. ரொபட்டின் முகம் மட்டும் விழுந்துவிட்டது. நான் குறியைத் தவறவிட்டேன் என்று நினைத்தான்.

நான் செய்தது சரியா என்று கேட்காதீர்கள். எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு வாக்கியத்தை மறைத்தேன், மற்றதை விட்டேன்.

பஸ் டிரைவர் வாசலில் வந்து நின்று சிங்களத்தில் "யமு, யமு", போவோம் போவோம் என்று அவசரப்படுத்தினார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். கௌசல்யா பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் ஓடிவந்து, "ரொம்ப தேங்ஸ் அண்ணே" என்றாள். மாணிக்கம் மாமா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். எல்லாரும் அவர் அழுவதைப் பார்த்து, மகளை அனுப்புகிற அப்பா அழத்தானே செய்வார் என்று நினைத்துக்கொண்டார்கள். பஸ் போன பிறகுதான் ரொபட்டுக்குச் சொன்னேன். அவன் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவதை நிறுத்தவில்லை. சுற்றி முடித்த வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

உடல் வந்துசேர எத்தனையோ வாரம் ஆனது. பெட்டியைத் திறக்க விடவில்லை. நெஞ்சு வருத்தம், மாரடைப்பு என்று காகிதத்தில் எழுதியிருந்ததாம். எல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் கௌசல்யா புருசனோடு டிக்கோயாவுக்கு ரொபட்டின் அறைக்கு வந்தாள். நானும் இருந்தேன். யாரோ போனில் எடுத்த கல்யாண வீடியோவில்தான் அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணே, அதுல அம்மா மூச்சே விடல்ல" என்றாள். "அம்மா அப்புடி பேசாதுங்க. நிப்பாட்டி நிப்பாட்டித்தான் பேசும். மொதல்ல அனுப்புனது இருக்குங்களா?"

"இருக்கு தங்கச்சி" என்றான் ரொபட். அவன் முகம் எவ்வளவோ நாளுக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்தது. அவனுக்கு ஒரு நல்ல பழக்கம், மூலத்தில் கை வைக்கமாட்டான். எதை வெட்டினாலும் பிரதி எடுத்துத்தான் வெட்டுவான். ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுக்க முடிகிறதே என்ற நிம்மதியில் லேப்டாப்பைத் திறந்து மூலத்தை ஓடவிட்டான். அடி இல்லை, இசை இல்லை, வெறும் குரல்.

"கௌசி..." பிறகு மூச்சு. "அம்மா பேசுறேன்..." மூச்சு. அது படி ஏறுகிற மூச்சு இல்லை என்று அந்த அமைதியில் யாருக்கும் விளங்கும். "என் தங்கம்... இன்னைக்கு நீ ஆடணும்... அம்மா இல்லைன்னு மொகத்த தூக்கி வச்சுக்கக் கூடாது..." பிறகு நீளமாக ஒன்றும் இல்லை. துணி உரசுகிற சத்தம். அதற்குப் பிறகு சின்னக் குரலில்: "தம்பி, கொஞ்சம் இருங்க தம்பி... நான் நடக்கக்கூட இல்ல... சும்மா ஒக்காந்துதான் இருக்கேன்... ரெண்டு மூணு நாளா இப்புடித்தான் அடைக்கிது... யார்க்கிட்ட சொல்றது... சரி, விடுங்க..." மறுபடி மூச்சு. "ஆடு தங்கம்... நல்லா ஆடு... தைக்கு வந்துருவேன்."

நம்மக்கிட்ட வேற ஏதோ சொல்றாங்க, என்றானே. அது இதுதான். யாரிடம் சொல்வது என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

ரொபட் அந்த வொய்ஸை எத்தனையோ தடவை கேட்டவன். துண்டு துண்டாகக் கேட்டான், திரையில் மேடும் பள்ளமுமாகப் பார்த்தான், எது அடியில் உட்காரும், எது உட்காராது என்று பார்த்தான். அந்த மேடு பள்ளத்துக்குள் ஒரு மனுஷி மூச்சுக்குத் திணறுவது அவனுக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. எங்கள் வேலைக்கு வேண்டியதை மட்டும் கேட்கிற காது எங்களுக்கு வந்துவிட்டது. அந்தக் காதுக்காகத்தான் ஊரில் எங்களைக் கெட்டிக்காரர் என்றார்கள்.

கௌசல்யா கேட்டாள்: "இது எப்ப அனுப்புனதுங்க?"

"கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முந்தி" என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லேப்டாப்பைத் தூக்கி எறிந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, கல்யாணம் கெடக்கு, நீ வந்துரும்மான்னு சொல்லியிருப்பேன் அண்ணே."

ரொபட் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் மூலத்தைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னாள். ஏற்றித் தந்தேன். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அப்பாக்கிட்ட இதக் குடுத்துராதீங்க. அவருக்கு வீடியோல இருக்கிற அந்தப் பாட்டே போதும். தெனம் காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி அதத்தான் கேக்குறாரு. அதுல அம்மா தெம்பா இருக்காங்களாம்."

சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியுமா என்று நானும் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரன் டொக்டரிடம் விட்டிருப்பானா? பாக்கியம் அக்காவே "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லியிருக்க மாட்டாரா? இப்படியெல்லாம் கேட்டு மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை. அந்தப் பிள்ளைக்கு "வந்துரும்மா" என்று சொல்ல ஒரு சந்தர்ப்பம் இருந்தது. அது எங்கள் கையில் இருந்தது. அடியில் உட்காராத துண்டு என்று வெட்டிப் போட்டுவிட்டோம்.

ரொபட் அதற்குப் பிறகு லேப்டாப்பைத் தொடவில்லை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறான். வேறு வேலை தேடித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறான். தண்ணிச் சத்தம் போதுமாம். நான் இன்னும் கொஞ்ச வருடம் மெஷின் போட்ட கோட்டை வைத்துக்கொண்டு தனியாக ஓட்டினேன். பிறகு காதில் இந்த விசில் வந்து என்னைக் காப்பாற்றியது.

உங்களுக்குப் பாடம் சொல்லவேண்டுமாம். என்ன பாடம் சொல்ல? கவனமாகக் கேளுங்கள் என்று சொல்லலாம். எங்கள் பக்கத்தில் ரொபட்டைவிடக் கவனமாகக் கேட்டவன் எவனும் இல்லை. போன மாதம் உங்களில் ஒருவர் கடைக்கு வந்து ஒரு புது மென்பொருளைக் காட்டினீர்கள். எந்தக் குரலைப் போட்டாலும் மூச்சு, இருமல், இரைச்சல் எல்லாவற்றையும் அதுவே பிரித்து எடுத்துவிடுகிறது. "பாருங்க அண்ணே, கேக்கவே தேவையில்ல, அதுவே செஞ்சிரும்" என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். ரொபட் கேட்டும் அவனுக்குக் கேட்கவில்லை. இனி கேட்கிறதுக்கே ஆள் இருக்காது. இன்றைக்கும் நம்ம அம்மாக்களும் அக்காக்களும் அங்கேயிருந்து வொய்ஸ் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் போனில் இப்போது எத்தனை கிடக்கிறதோ எனக்குத் தெரியாது. திரையை மூடி வைத்துவிட்டு, ஒரு தடவை, வேலைக்காக இல்லாமல், யாரோ உங்களிடம் பேசுகிறார் என்று கேளுங்கள் என்று எழுத வருகிறது. எழுதும்போதே, நீங்கள் செய்யமாட்டீர்கள் என்றும் தெரிகிறது. கல்யாண சீசனில் உங்களுக்கு நேரம் இருக்காது. எங்களுக்கும் இருக்கவில்லை.

ரொபட் வெட்டு என்று மட்டும் இனிமேல் சொல்லாதீர்கள். அதையாவது எனக்காகச் செய்யுங்கள்.

போன வாரம் மாணிக்கம் மாமா கடைக்கு வந்தார். வயதாகிவிட்டது. பழைய போன் மழையில் நனைந்து செத்துப்போனதாம். புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"தம்பி, அந்தப் பாட்ட இதுல ஏத்தித் தாங்க. அவ பேசுறது."

ரொபட்டின் லேப்டாப் என்னிடம்தான் இருக்கிறது. திறந்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, மூலமும் ரொபட் செய்ததும். அம்பை முதலில் மூலத்தின் மேல் வைத்தேன். பிறகு ரொபட் செய்ததை ஏற்றிக் கொடுத்தேன். அவர் கடை வாசலில் நின்றே போட்டுக் கேட்டார். ரோட்டில் பஸ் போகிற சத்தத்தில் எனக்கு அடி மட்டும்தான் கேட்டது. குரல் இருந்த இடத்தில் என் காதின் விசில் ஓடியது. பாட்டு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா தம்பி, எவ்வளவு தெம்பா பேசுறா."

"ஆமாங்க மாமா" என்றேன்.